மெண்டலீவியம்: 17 அணுக்களைக் கொண்டு கண்டறிந்த தனிமம் - அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தனிம அட்டவணைக்குக் கீழே இரண்டு வரிசைகளைத் தனியாகப் போட்டிருப்பார்களே, அதில் கீழ்வரிசையின் கடைசியிலிருந்து மூன்றாவது கட்டம்தான் மெண்டலீவியம். அணு எண் 101. பாடப்புத்தகத்தில் அந்தக் கட்டத்தோடு அதன் கதை முடிந்துவிடும். ஆனால் அந்தக் கட்டத்தை நிரப்ப 1955இல் ஐந்து பேர் பட்ட பாடும், அதற்கு அவர்கள் வைத்த பெயரும் அறிவியல் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இதைப் பற்றிப் பேசும்போது மாணவர்களும் நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

மெண்டலீவியம் இயற்கையில் கிடைக்குமா?

கிடைக்காது. நீண்ட நாள் தாங்குகிற ஐசோடோப்பான (ஒரே தனிமத்தில் நியூட்ரான் எண்ணிக்கை மட்டும் வேறுபடும் வகை) மெண்டலீவியம்-258 கூட 51 நாட்களில் பாதியாகிவிடும். பூமி உருவான காலத்தில் கொஞ்சம் இருந்திருந்தாலும் எப்போதோ அழிந்துபோயிருக்கும். இன்று ஆய்வுக்கூடத்தில் செய்தால்தான் உண்டு.

யார், எங்கே, எப்போது கண்டுபிடித்தார்கள்?

அமெரிக்காவில், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில், 1955 பிப்ரவரியில். ஆல்பர்ட் கியோர்சோ, பெர்னார்ட் ஹார்வி, கிரெகரி சோப்பின், ஸ்டான்லி தாம்சன், கிளென் சீபோர்க் என்று ஐந்து பேர்.

இந்த ஐவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சீபோர்க் 1951லேயே நோபல் பரிசு வாங்கியவர். தாம்சன் அவருடைய பள்ளிக்கூடத் தோழர். சோப்பின் அப்போதுதான் முனைவர் பட்டம் முடித்துவிட்டு வந்திருந்த இளைஞர். கியோர்சோ படித்தது மின்பொறியியல். அவர் முனைவர் பட்டம் வாங்கவே இல்லை. கதிர்வீச்சை அளக்கும் கருவிகளைச் செய்வதில் கைதேர்ந்தவர். அந்தக் கைத்திறன்தான் அவரை மொத்தம் 12 தனிமங்களின் கண்டுபிடிப்பில் பங்காளி ஆக்கியது. வேறு யாருக்கும் அந்த எண்ணிக்கை வாய்க்கவில்லை.

புதிய தனிமத்தைச் 'செய்வது' என்றால் என்ன?

ஒரு தனிமத்தின் அடையாளம் அதன் கருவில் உள்ள புரோட்டான்களின் எண்ணிக்கைதான். 99 புரோட்டான் கொண்ட ஐன்ஸ்டீனியத்தின் கருவோடு, இரண்டு புரோட்டான் கொண்ட ஹீலியத்தின் கருவை, அதாவது ஆல்ஃபா துகளை, ஒட்ட வைத்தால் 101 ஆகிவிடும். சொல்ல எளிது. இரண்டுமே நேர்மின்னூட்டம் கொண்டவை, ஒன்றையொன்று தள்ளும். அதை மீறி ஒட்ட வேண்டுமானால் ஆல்ஃபா துகளை மிகுந்த வேகத்தில் ஏவ வேண்டும். அந்த வேலையைச் செய்தது பெர்க்லியில் இருந்த 60 அங்குல சைக்ளோட்ரான், அதாவது மின்னூட்டத் துகள்களைச் சுழற்றி வேகமேற்றும் கருவி.

ஐன்ஸ்டீனியம்-253உடன் ஹீலியம்-4 சேர்கிறது, ஒரு நியூட்ரான் வெளியேறுகிறது, மெண்டலீவியம்-256 மிஞ்சுகிறது. இதுதான் நடந்தது.

யுரேனியத்திலிருந்து அடுத்தடுத்த தனிமங்களை அணு உலையிலேயே நியூட்ரானை ஊட்டிச் செய்தார்களே, இதையும் அப்படிச் செய்யக்கூடாதா?

நல்ல கேள்வி. கரு ஒரு நியூட்ரானை விழுங்கும், அப்புறம் பீட்டா சிதைவில் ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறும், அணு எண் ஒன்று கூடும். இப்படிப் படிப்படியாக ஏறி 100ஆவது தனிமமான ஃபெர்மியம் வரை போய்விடலாம். அங்கே படிக்கட்டு உடைந்துவிடுகிறது. ஃபெர்மியம்-257 ஒரு நியூட்ரானை வாங்கி ஃபெர்மியம்-258 ஆனதும், ஒரு மில்லி விநாடிகூட ஆவதற்குள் தானாகவே இரண்டாகப் பிளந்துபோகிறது. பீட்டா சிதைவுக்கு நேரமே கிடைப்பதில்லை. ஆக, 100க்கு மேல் போக வேண்டுமானால் ஒரு கருவின் மேல் இன்னொரு கருவை மோதவிடுவதுதான் வழி.

ஐன்ஸ்டீனியமே செயற்கைத் தனிமம்தானே, அது எங்கிருந்து வந்தது?

முதன்முதலில் அது கண்ணில் பட்டது 1952 நவம்பரில் பசிபிக் பெருங்கடலின் எனிவெடாக் தீவுகளில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் தூசியில். இந்தச் சோதனைக்கு வேண்டியதை ஐடஹோ மாநிலத்து அணு உலை ஒன்றில் புளூட்டோனியத்தை நீண்ட காலம் வைத்துத் தயாரித்தார்கள்.

எவ்வளவு கிடைத்தது தெரியுமா? ஏறக்குறைய 100 கோடி அணுக்கள். கேட்கப் பெரிதாக இருக்கும். எடை போட்டுப் பார்த்தால் ஒரு கிராமை லட்சம் கோடியாகப் பங்கிட்டால் வரும் ஒரு பங்கில் பாதிகூடத் தேறாது. கண்ணுக்குத் தெரியாது, தராசுக்கும் தெரியாது. அதுவும் 20 நாட்களில் பாதியாகக் கரைந்துபோகிற பொருள். கையில் இருப்பது அவ்வளவுதான், அதுவும் நாளுக்கு நாள் குறைகிறது என்ற நெருக்கடியில்தான் வேலையைத் தொடங்கினார்கள்.

கியோர்சோ போட்ட கணக்கு இன்னும் மிரட்டியது. இலக்கில் எத்தனை அணு, ஆல்ஃபா கற்றையின் வலு எவ்வளவு, எத்தனை மணி நேரம் தாக்குவது என்று எல்லாவற்றையும் பெருக்கிப் பார்த்தால், ஒரு முறை தாக்கினால் கிடைப்பது சுமார் ஓர் அணு. ஒரே ஓர் அணு.

ஓர் அணுவை எப்படிப் பிரித்து எடுப்பது?

பழைய முறையில் இலக்கையே அமிலத்தில் கரைத்துத் தேடுவார்கள். இங்கே அப்படிச் செய்தால் அரும்பாடுபட்டுச் சேர்த்த ஐன்ஸ்டீனியம் முதல் முயற்சியிலேயே கரைசலில் போய்விடும். இதற்கு அவர்கள் கண்ட வழி அழகானது.

கேரம் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரைக்கர் வேகமாக வந்து காயில் பட்டால் காய் முன்னால் பாய்கிறது. அதுபோல ஆல்ஃபா துகள் மோதி ஒட்டியதும், உருவான புதிய கரு அந்த உந்தத்தோடு முன்னால் தெறிக்கும். மெல்லிய தங்கத் தகட்டின் பின்பக்கத்தில் ஐன்ஸ்டீனியத்தைப் பூசினார்கள். கற்றை தகட்டைத் துளைத்துக்கொண்டு வந்து ஐன்ஸ்டீனியத்தைத் தாக்கும். தெறிக்கும் புதிய அணு, சற்றுத் தள்ளி வைத்திருக்கும் இரண்டாவது தங்கத் தகட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். கரைக்க வேண்டியது அந்த இரண்டாவது தகட்டை மட்டும்தான். ஐன்ஸ்டீனியம் இருந்த இடத்திலேயே இருக்கும். அதே இலக்கை மறுபடி மறுபடி பயன்படுத்தலாம். இந்த யோசனை இல்லாமல் அந்தச் சொற்ப ஐன்ஸ்டீனியத்தை வைத்து ஒரு டஜன் முறை சோதனை செய்திருக்கவே முடியாது.

அந்த இரவு என்ன நடந்தது?

1955 பிப்ரவரி 18 இரவு, 19 விடியல். சில மணி நேரம் தாக்கி முடித்ததும் சைக்ளோட்ரானை நிறுத்தி, இரண்டாவது தகட்டை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். நிஜமாகவே ஓட்டம்தான். சைக்ளோட்ரான் இருந்தது கீழே பல்கலைக்கழக வளாகத்தில். அளவிடும் கருவிகள் இருந்ததோ மேலே குன்றின்மேல் இருந்த கதிர்வீச்சு ஆய்வுக்கூடத்தில். காரில் குன்றேறிப் போனார்கள். கிடைத்த அணு ஒன்றோ இரண்டோ. அதன் அரை ஆயுள், அதாவது பாதி அணுக்கள் சிதையும் காலம், ஒன்றேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். வழியில் வீணாகும் ஒவ்வொரு நிமிடமும் இழப்பு.

வேதியியல் வேலை இப்படி. தங்கத் தகட்டை ராஜ திராவகத்தில் (தங்கத்தையும் கரைக்கும் அமிலக் கலவை) கரைக்க வேண்டும். பிசின் அடைத்த ஒரு குழாய் வழியாக விட்டால் தங்கம் அதில் தங்கிவிடும். மிஞ்சிய கரைசலை இன்னொரு பிசின் குழாயில் ஏற்றி, ஒரு கரிம அமிலத்தின் கரைசலால் மெதுவாகக் கழுவ வேண்டும். சொட்டுச் சொட்டாக இறங்கும். கனமான தனிமம் முதலில் வரும், அடுத்தடுத்து லேசானவை வரும். அந்தக் கரிம அமில முறையைச் செம்மைப்படுத்தியவர் சோப்பின். எந்தச் சொட்டு எந்தத் தனிமத்துக்குரியது என்று குறித்து வைத்து, ஒவ்வொன்றையும் சின்னஞ்சிறு தட்டில் இட்டு, விளக்குச் சூட்டில் உலர்த்தி, அளவியில் வைத்தார்கள்.

அப்புறம் காத்திருப்பு. அளவியோடு இணைத்த பேனா காகிதச் சுருளில் நேர்கோடு போட்டுக்கொண்டே இருக்கும். ஓர் அணு பிளந்தால் பேனா காகிதத்தின் குறுக்கே துள்ளிவிட்டுத் திரும்பும். ஒரு மணி நேரம் நேர்கோடு, பிறகு ஒரு துள்ளல், மறுபடி நீண்ட நேர்கோடு. அந்த ஒவ்வொரு துள்ளலும் ஓர் அணு. உலகத்தில் அப்போது இருந்த மெண்டலீவியம் முழுவதும் அந்தத் தட்டில்தான் இருந்தது. அது ஒவ்வோர் அணுவாகத் தீர்ந்துகொண்டிருந்தது. இதை எழுதும்போதுகூட எனக்கு மெய்சிலிர்க்கிறது.

தீ எச்சரிக்கை மணியை அடிக்கவிட்டார்கள் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான், சீபோர்க்கே சொன்ன செய்தி. பேனாவையே பார்த்துக்கொண்டு எத்தனை நேரம் உட்கார்ந்திருப்பது? கியோர்சோ அளவியின் மின்சுற்றைக் கட்டடத்தின் தீ எச்சரிக்கை மணியோடு இணைத்துவிட்டார். ஓர் அணு பிளந்தால் கட்டடம் முழுக்க மணி ஒலிக்கும். தீயணைப்புத் துறை ஆட்சேபித்ததால் அந்த ஏற்பாட்டைக் கைவிட வேண்டியதாயிற்று.

வெறும் 17 அணுக்களை வைத்து ஒரு தனிமத்தை எப்படி உறுதி செய்ய முடியும்?

எல்லாச் சோதனைகளையும் சேர்த்து அவர்கள் கண்டது மொத்தம் 17 அணுக்கள். இது போதுமா என்ற ஐயம் நியாயமானது, எனக்கும் முதலில் வந்தது. பதில் மூன்று இடங்களில் இருக்கிறது.

முதலாவது, பிளவின் தனித்தன்மை. சாதாரண ஆல்ஃபா சிதைவில் வெளியாகும் ஆற்றலைப் போல இருபது முப்பது மடங்கு ஆற்றல் கருப்பிளவில் வெளியாகிறது. அதை வேறு எதனோடும் குழப்பிக்கொள்ள முடியாது. பின்னணி இரைச்சல் கிட்டத்தட்ட இல்லை. ஆயிரக்கணக்கான மங்கலான சமிக்ஞைகளைவிட ஐயமற்ற 17 நல்லது.

இரண்டாவது, அது வந்த இடம். லாந்தனைடு வரிசையில், அதாவது தனியாகப் போட்ட இரண்டில் மேல்வரிசையில், துலியம் எர்பியத்துக்கு முன்னால் இறங்குகிறது. 101ஆவது தனிமம் அட்டவணையில் துலியத்துக்கு நேர் கீழே உட்கார வேண்டியது. எனவே அது ஃபெர்மியத்துக்குச் சற்று முன்னால் இறங்க வேண்டும் என்று முன்கூட்டியே கணித்திருந்தார்கள். பிளவுகள் அந்தச் சொட்டுகளில்தான் வந்தன.

மூன்றாவதுதான் நுட்பமானது. பிளவுகள் ஃபெர்மியத்துக்குரிய சொட்டுகளிலும் தென்பட்டன. இது முரண்பாடு போலத் தோன்றும். உண்மையில் இதுதான் சாட்சி. பிளந்தது மெண்டலீவியம் அல்ல, அதன் மகவு. மெண்டலீவியம்-256இன் கரு தன் எலக்ட்ரான்களில் ஒன்றைக் கவர்ந்து ஃபெர்மியம்-256 ஆகிறது. அது இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று மேலான அரை ஆயுளோடு தானாகப் பிளக்கிறது. பிரித்தெடுக்கும் முன்பே மாறிவிட்ட அணுக்கள் ஃபெர்மியத்தோடு இறங்கின; மாறாதவை 101இன் இடத்தில் இறங்கி, தட்டுக்குப் போன பிறகு மாறிப் பிளந்தன. இந்த இரண்டு இடங்களையும் தவிர மற்றச் சொட்டுகள் மௌனமாக இருந்தன.

ஓர் அணு, ஓர் அணுவாகச் செய்து அடையாளம் கண்ட முதல் தனிமம் இதுதான். பின்னால் வந்த கனமான தனிமங்கள் எல்லாவற்றுக்கும் அதுவே வழக்கமாகிவிட்டது.

மெண்டலீவின் பெயரை ஏன் வைத்தார்கள்?

மேலே சொன்ன இரண்டாவது காரணத்தை மறுபடி பாருங்கள். யாரும் பார்த்திராத தனிமம் எந்தச் சொட்டில் இறங்கும் என்று அவர்களால் முன்கூட்டியே சொல்ல முடிந்தது. அந்தத் துணிச்சல் திமீத்ரி மெண்டலீவிடமிருந்து வந்தது. 1869இல் அவர் அட்டவணை போட்டபோது, தெரிந்த தனிமங்களை வரிசைப்படுத்தியதோடு நிறுத்தவில்லை. சில இடங்களைக் காலியாக விட்டு, இங்கே வரப்போவது இன்ன எடை, இன்ன அடர்த்தி என்று எழுதி வைத்தார்.

1875இல் பிரான்ஸில் காலியம் கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடித்த புவாபோத்ரான் அதன் அடர்த்தி 4.7 என்று அளந்திருந்தார். உலோகத்தைக் கண்ணால் பார்த்திராத மெண்டலீவ், அது 5.9 அளவில் இருக்க வேண்டும், உங்கள் மாதிரியில் கலப்பு இருக்கும் என்று தெரிவித்தார். தூய்மைப்படுத்தி மறுபடி அளந்தால் 5.9! அடுத்து 1879இல் ஸ்காண்டியம், 1886இல் ஜெர்மானியம். ஜெர்மானியத்துக்கு அவர் சொன்ன அணு எடை 72, இன்றைய மதிப்பு 72.6.

பெர்க்லி குழு ஒவ்வொரு புதிய தனிமத்தையும் தேடியது இதே வழியில்தான். அந்தக் கடனைத் தங்கள் ஆய்வுக் கட்டுரையிலேயே ஒப்புக்கொண்டு பெயரை முன்மொழிந்தார்கள்.

'ஏக' என்ற சொல்லுக்கும் மெண்டலீவுக்கும் என்ன தொடர்பு?

காலியாக விட்ட இடங்களுக்கு அவர் வைத்த தற்காலிகப் பெயர்கள் ஏக-போரான், ஏக-அலுமினியம், ஏக-சிலிக்கான். ஏக என்பது நாம் ஏகபோகம், ஏகமனது என்று சொல்கிறோமே, அதே வடசொல்தான்; ஒன்று என்று பொருள். ஏக-சிலிக்கான் என்றால் சிலிக்கானுக்குக் கீழே ஒரு கட்டம் தள்ளி வருவது. அந்த முறையில் மெண்டலீவியத்தை ஏக-துலியம் என்று சொல்லலாம்.

பனிப்போர் காலத்தில் ரஷ்யர் பெயரை அமெரிக்கர்கள் வைக்க எப்படி ஒப்புக்கொண்டார்கள்?

பலருக்கும் வியப்பளிப்பது இதுதான். 1955ஐ நினைத்துப் பாருங்கள். கம்யூனிஸ்டுகளைத் தேடித் தேடி விசாரித்த மெக்கார்த்தியை அமெரிக்க செனட் கண்டித்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. இரண்டு நாடுகளும் ஹைட்ரஜன் குண்டுப் போட்டியில் இருந்தன. இந்த ஆய்வே அந்தக் குண்டின் தூசியில் முதலில் கண்ட தனிமத்தின் மேல் நடந்தது.

சீபோர்க் அமெரிக்க அரசிடம் அனுமதி கேட்டுத்தான் பெயரை முன்மொழிந்தார். துணிச்சலான செயல் அது, அமெரிக்க விமர்சகர்கள் சிலருக்குப் பிடிக்கவில்லை என்று அவரே பின்னால் எழுதியிருக்கிறார். ஆனாலும் பெயர் நின்றது. ஓர் அறிஞரின் தாய்நாட்டைப் பார்க்காமல் அவருடைய வேலையைப் பார்த்த அந்த ஐவர் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. பெர்க்லியின் பெயரையும் அமெரிக்காவின் பெயரையும் ஏற்கெனவே இரண்டு தனிமங்களுக்கு வைத்திருந்தவர்கள் அவர்கள். இன்னொரு அமெரிக்கப் பெயரைத் தேடுவது கடினமாக இருந்திருக்காது.

மெண்டலீவுக்கு நோபல் பரிசு கிடைத்ததா?

இல்லை. 1906இல் வேதியியல் குழு அவரைப் பரிந்துரைத்தது. ஸ்வீடன் அறிவியல் அகாதெமி பரிசை ஃபுளோரினைப் பிரித்தெடுத்த மொவாசானுக்குக் கொடுத்தது. 1907 பிப்ரவரியில் மெண்டலீவ் காலமானார்.

பழைய புத்தகங்களில் குறியீடு வேறாக இருக்கிறதே?

ஆமாம். முதலில் முன்மொழிந்தது 'எம்வி'. சர்வதேச வேதியியல் ஒன்றியம் 1957 பாரிஸ் கூட்டத்தில் அதை 'எம்டி' என்று மாற்றியது. பெயரில் மாற்றம் இல்லை.

அதன் நிறம், உருகுநிலை எல்லாம் என்ன?

யாரும் பார்த்ததில்லை. கண்ணால் பார்க்கும் அளவுக்கு இதுவரை சேர்ந்ததே இல்லை. உருகுநிலை என்று சில இடங்களில் போட்டிருப்பது கணக்கிட்ட மதிப்பு. ஆனால் கரைசலில் எப்படி நடந்துகொள்ளும் என்பது தெரியும். துலியத்தைப் போல +3 நிலையில், அதாவது மூன்று எலக்ட்ரான்களை இழந்த நிலையில், இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள், இருந்தது. ஆனால் 1967இல் ஒரு புதிய செய்தி தெரிந்தது: துலியத்தைவிட மிக எளிதாக +2 நிலைக்கு இறங்கிவிடுகிறது. அட்டவணையில் மேலே இருப்பவரைப் பார்த்து கீழே இருப்பவரை முழுவதும் சொல்லிவிட முடியாது என்பதற்கு இது நல்ல உதாரணம். அடுத்த கட்டத்து நொபீலியத்தில் +2 நிலையே வலுவானதாகிவிடுகிறது.

இதனால் என்ன பயன்? ஆபத்து உண்டா?

ஆய்வுக்கு வெளியே பயன் கிடையாது. கதிரியக்கம் உள்ளது என்றாலும் இவ்வளவு சொற்பமாகச் செய்கிற அணுக்களால் ஊருக்கு ஆபத்து வர வழியில்லை. கையாள்பவர்கள் கவனமாக இருக்க வேண்டியது அதைவிட ஐன்ஸ்டீனியம் இலக்கிடம்தான்.

அடுத்து வந்த தனிமங்களுக்கும் இப்படிச் சுமுகமாகப் பெயர் வைத்தார்களா?

எங்கே! 102இலிருந்தே தகராறு. பெர்க்லி ஒரு பெயர் சொல்லும், ரஷ்யாவின் துப்னா ஆய்வகம் வேறு பெயர் சொல்லும். ஒரே தனிமத்துக்கு இரண்டு நாட்டுப் புத்தகங்களில் இரண்டு பெயர் இருந்த காலமும் உண்டு. 1997இல்தான் 109 வரைக்கும் பெயர்கள் முடிவாயின. உயிரோடு இருப்பவர் பெயரை வைக்கலாமா என்ற வாதமும் அப்போது சூடாக நடந்தது; கடைசியில் 106ஆவது தனிமம் சீபோர்கியம் ஆயிற்று. சீபோர்க் அதைப் பார்த்துவிட்டு 1999இல் காலமானார்.

மெண்டலீவியத்தில் இன்னும் ஆராய்ச்சி நடக்கிறதா?

நடக்கிறது. 2018இல் ஜப்பானில் அதன் முதல் அயனியாக்க ஆற்றலை, அதாவது அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானை உருவத் தேவைப்படும் ஆற்றலை, அளந்தார்கள். 2020இல் அதே பெர்க்லிக் குன்றில் இருக்கும் 88 அங்குல சைக்ளோட்ரானில் மெண்டலீவியம்-244 என்ற மிக லேசான ஐசோடோப்பைக் கண்டார்கள். கியோர்சோவின் காரில் குன்றேற வேண்டிய தேவை இப்போது இல்லை. சைக்ளோட்ரானும் அளவியும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன.